கோளாறைச் சொல்லுங்கள், சீட்டைச் சொல்கிறேன்: நீண்ட விமானப் பயணத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"பதினஞ்சு மணி நேர ஃபிளைட். எந்த சீட் நல்லது?" என்று யாராவது கேட்டால் என்னிடம் நேரடியான பதில் கிடையாது. "போன தடவை என்ன கஷ்டப்பட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் வந்தால் சீட் நம்பர் தன்னால் வந்துவிடும்.

அக்கா டல்லாஸில் இருக்கிறாள். அப்பா அம்மாவுக்குச் சென்னையிலிருந்து தோஹா, அங்கிருந்து டல்லாஸ் என்று பல தடவை சீட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டாவது விமானம் மட்டும் ஏறக்குறைய 16 மணி நேரம். முதல் இரண்டு தடவையும் தப்பாகத்தான் போட்டேன். எப்படி என்று கீழே வரும். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்க்கொள்ளலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை, அது எல்லோருக்கும் பொது.

முதலில் பார்க்க வேண்டியது: என்ன விமானம்?

கம்பெனி பெயரை எல்லோரும் பார்க்கிறார்கள், விமானத்தின் வகையை யாரும் பார்ப்பதில்லை. டிக்கெட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். 77டபிள்யூ என்றால் போயிங் 777-300இஆர். 789 என்றால் போயிங் 787-9. 359 என்றால் ஏர்பஸ் ஏ350-900. 388 என்றால் மாடி வைத்த ஏ380. 333 என்றால் ஏ330-300.

இதைத் தெரிந்துகொள்வதில் என்ன லாபம்? 777 விமானம் 1995-இல் சேவைக்கு வந்தபோது பெரும்பாலான கம்பெனிகள் எகானமியில் வரிசைக்கு 9 சீட் போட்டன. இன்று அதே அகலத்தில் 10 சீட், 3-4-3 என்று (மூன்று சீட், நடைவழி, நான்கு சீட், நடைவழி, மூன்று சீட்). உடம்பு பெருக்காமல் சட்டையை மட்டும் பிடித்துத் தைத்த மாதிரி, ஒரு சீட்டின் அகலம் 17 அங்குலத்துக்கு இறங்கிவிட்டது. ஏ350-இல் பெரும்பாலும் 3-3-3, சீட் சுமார் 18 அங்குலம். ஏ380-இன் கீழ்த்தளத்தில் 10 பேர் உட்கார்ந்தாலும் விமானத்தின் வயிறு பெரிது, அதனால் அங்கேயும் 18-க்குக் குறையாது. 787-இல் 3-3-3, சுமார் 17 அங்குலம். ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேச 787-இல் 2-4-2 என்று எட்டே பேரை உட்கார வைக்கிறது. ஏ330-இலும் 2-4-2 தான். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்தில் தோள் அகலமான ஒருவர் உட்கார்ந்து ஆறாவது மணி நேரம் ஆகும்போது அந்த ஒரு அங்குலத்தின் விலை தெரியும்.

சீட் எழுத்துகளையும் கொஞ்சம் படிக்கப் பழகுங்கள். 3-4-3 விமானத்தில் ஏ, பி, சி. டி, இ, எஃப், ஜி. ஹெச், ஜே, கே என்று போகும். நடுவில் 'ஐ' இருக்காது, 1 என்று தப்பாகப் படித்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார்கள். 2-4-2 விமானத்தில் பெரும்பாலும் 'பி'யும் இருக்காது. ஏ ஜன்னல், சி நடைவழி. ஆக 'சி', 'டி' இரண்டும் பெரும்பாலும் நடைவழியின் இரண்டு கரைகள். இது பின்னால் உதவும்.

கம்பெனியின் சீட் படத்தில் எல்லாக் கட்டமும் ஒரே அளவில் அழகாக இருக்கும், நம்பாதீர்கள். ஏரோலோபா என்ற தளத்தில் ஜன்னல், கதவு, டாய்லெட் எல்லாம் அளவோடு வரைந்திருக்கும். அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு சீட் போடுங்கள்.

"அடிக்கடி பாத்ரூம் போகணும், எழுப்பக் கூச்சமா இருக்கு"

இதுதான் என் முதல் தப்பு. அம்மா முதல் தடவை போகிறாள், மேகத்தைப் பார்க்கட்டும் என்று ஆசையாக ஜன்னல் சீட் போட்டேன். நடுவில் அப்பா, ஓரத்தில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர், அவர் ஏறியதும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். அம்மா அவரை எழுப்பவே இல்லை. எழுப்பும்படி அப்பாவிடமும் சொல்லவில்லை. பாத்ரூம் போக வேண்டி வரும் என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். டல்லாஸில் இறங்கும்போது உதடு வெடித்து, கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. அக்கா போனில் என்னைத் திட்டினாள், நியாயம்தான்.

எனவே வயதானவர்களுக்கும், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நடைவழி ஓரம்தான். அவர்கள் "எனக்கு எதுனாலும் பரவாயில்லப்பா" என்றுதான் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள்.

நடைவழி சீட்டிலும் ஒரு கணக்கு உண்டு: உங்களை எத்தனை பேர் எழுப்புவார்கள்? 3-4-3 விமானத்தில் 'சி'யில் உட்கார்ந்தால் ஏ, பி இரண்டு பேரும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். 'டி'யில் உட்கார்ந்தால் 'இ' ஒருவர்தான். 'எஃப்' அந்தப் பக்கம் 'ஜி' வழியாகப் போய்விடுவார். 3-3-3 விமானத்தில் நடு மூன்றின் ஓரம் இன்னும் நல்லது. நடுவில் இருப்பவர் பாதி நேரம் எதிர்ப்பக்கம் போய்விட வாய்ப்பு உண்டு.

கணவன் மனைவி இருவருக்கும் என்றால் நான் இப்போது போடுவது 'சி'யும் 'டி'யும். நடுவே நடைவழி, அவ்வளவுதான். இருவருமே யாரையும் கேட்காமல் எழுந்து போகலாம்; மாத்திரை டப்பாவைக் கை நீட்டிக் கொடுக்கலாம். அம்மா 'டி', அப்பா 'சி'. அவரை இரண்டு பேர் எழுப்புவார்கள், அதில் அவருக்கு வருத்தமில்லை, எழுந்து நிற்க ஒரு சாக்கு.

"இறங்கும்போது கால் வீங்கியிருக்கு"

லேசான வீக்கம் பலருக்கும் வரும், ஒரு நாளில் வடிந்துவிடும். கவலைப்பட வேண்டியது காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் மொத்தத்தில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. விமானம் என்றில்லை, காரிலோ பஸ்ஸிலோ அப்படியே உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான்.

சீட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 2012-இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி ஜன்னல் சீட்டையே ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. ஜன்னல் ஓரம் இருப்பவர் எழுந்து நடப்பதில்லை, அதனால். பிசினஸ் வகுப்பில் போனாலும் நடக்காமல் படுத்தே கிடந்தால் தப்பில்லை என்று அர்த்தமில்லை. முன்பு ரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் சீட் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால், இறங்கிய பிறகு மூச்சு வாங்கினால், உடனே ஆஸ்பத்திரி.

"முழங்கால் முன் சீட்ல முட்டுது"

எகானமியில் ஒரு சீட்டின் முதுகிலிருந்து அடுத்த சீட்டின் முதுகு வரை 31, 32 அங்குலம் இருக்கும். இதை 'பிட்ச்' என்பார்கள். இது முழுவதும் உங்கள் காலுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். சீட் முதுகின் தடிமனும் இதற்குள்தான். அதனால் ஒரே 31 அங்குலத்தில் பழைய மெத்தை சீட்டில் முட்டும் முழங்கால், மெல்லிய புது சீட்டில் முட்டாது. ஆனால் மெல்லிய சீட்டில் எட்டாவது மணி நேரம் வேறு இடம் வலிக்கும்.

முழங்கால் முட்டாமல் பாதம் மட்டும் இடித்தால், முன் சீட்டுக்கு அடியில் டிவிக்கான இரும்புப் பெட்டி இருக்கிறதா பாருங்கள். எல்லா சீட்டுக்கும் அது இருக்காது, வரிசையில் ஓரிரு சீட்டுக்கு இருக்கும்.

உயரமானவர்கள் எல்லோரும் கேட்பது எக்ஸிட் ரோ, அதாவது அவசர வழிக்குப் பக்கத்து வரிசை. காசு கூட. கால் நீட்டலாம், சந்தேகமில்லை. விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதும் உண்டு: சாப்பாட்டுப் பலகையும் டிவியும் கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, சீட்டும் கொஞ்சம் குறுகும். விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். கதவோரம் குளிரும். ஜன்னல் பக்க சீட் என்றால் கதவின் வயிறு, சறுக்குப் பலகை மடித்து வைத்த புடைப்பு, உங்கள் காலுக்கு நேரே நிற்கலாம். டாய்லெட்டுக்குக் காத்திருப்பவர்கள் உங்கள் முன்னால் வந்து நின்று சோம்பல் முறிப்பார்கள்.

என் இரண்டாவது தப்பு இங்கேதான். அம்மாவின் கால் வீக்கத்துக்குப் பரிகாரமாக, கூடுதல் காசு கட்டி எக்ஸிட் ரோ போட்டேன். அதே டிக்கெட்டில் வீல்சேரும் கேட்டிருந்தேன். நம் ஊர்ப் பெற்றோர் பாதிப்பேருக்கு நாம் அப்படித்தான் செய்கிறோம், பெரிய விமான நிலையத்தில் வழி தெரியாமல் அலையக்கூடாதே என்று. கேட்டில் பார்த்துவிட்டு, "வீல்சேர் பயணியை எக்ஸிட் ரோவில் உட்கார வைக்க முடியாது" என்று கிடைத்த இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்: ஆபத்தில் கதவைத் திறக்க உதவக்கூடியவர்தான் அங்கே உட்காரலாம், சிறுவர்களுக்கும் அங்கே இடமில்லை. கட்டிய காசைத் திரும்ப வாங்க நான்கு மின்னஞ்சல் ஆயிற்று. ஆகவே வீல்சேர் என்றால் எக்ஸிட் ரோவை மறந்துவிடுங்கள்.

முன்னால் தடுப்புச் சுவர் உள்ள முதல் வரிசை? முழங்காலுக்கு நல்லது, யாரும் சீட்டைச் சாய்த்து உங்கள் மடியில் விழமாட்டார்கள். ஆனால் ஆறடிக்காரர்கள் அங்கே காலை முழுக்க நீட்ட முடியாது, சுவர் தடுக்கும். சாதாரண சீட்டில் முன் சீட்டுக்கு அடியிலாவது பாதத்தை நுழைக்கலாம்.

"கண்ணை மூடினா யாராவது இடிக்கிறாங்க"

தூக்கக் கோளாறுக்குக் காரணம் ஒன்றல்ல. எது உங்களுடையது என்று பிரித்துப் பாருங்கள்.

இடிப்பவர்கள்தான் காரணம் என்றால் ஜன்னல் ஓரம் போங்கள். சுவரில் தலை சாய்க்கலாம், யாருக்காகவும் எழ வேண்டாம். (அம்மா கதையைப் படித்துவிட்டு இது என்ன முரண் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு முப்பது வயது, தூக்கம் வேண்டும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு, நடக்க வேண்டும்.)

இரைச்சல் என்றால் இறக்கைக்கு முன்னால் போங்கள். எஞ்சினுக்குப் பின்னால் சத்தம் கூடும். டாய்லெட்டையும், பணியாளர்கள் சாப்பாடு தயார் செய்யும் பேன்ட்ரியையும் ஒட்டிய நாலைந்து வரிசைகளை விட்டுவிடுங்கள்: ஃப்ளஷ் சத்தம், திரைச்சீலை இடுக்கில் வெளிச்சம், பாத்திரம் உருட்டுவது, பணியாளர்களின் ஊர்க்கதை.

சீட் சாயவில்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் இருப்பது கடைசி வரிசை, அல்லது எக்ஸிட் ரோவுக்கு நேர் முன் வரிசை. பின்னால் சுவரோ வழியோ இருப்பதால் சாய்வைக் குறைத்திருப்பார்கள்.

வெயில் என்றால் திசையைப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து காலையில் கிளம்பி அமெரிக்கா போகும் விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டே போகும், கோடையில் பகல் முடியவே முடியாது. மேற்கே போகும்போது தெற்கு இடப்பக்கம். வெயிலும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் உட்காருங்கள். 787-இல் இழுத்து மூடும் திரை கிடையாது, பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே கறுக்கும், அதையும் பணியாளர்கள் மொத்தமாகப் பூட்டி வைக்கலாம்.

"ஜன்னல் சீட் வாங்கினேன், சுவர்தான் கிடைச்சுது"

விமானத்தின் ஜன்னல்கள் தொழிற்சாலையில் ஒரே இடைவெளியில் பொருத்தப்படுகின்றன. சீட்டுகளைத் தள்ளித் தள்ளி வைப்பது கம்பெனி. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சில இடங்களில் சுவருக்குள் காற்றுக் குழாய் ஏறுவதால் ஜன்னலே வைத்திருக்கமாட்டார்கள். கம்பெனியின் படத்தில் இது தெரியாது. முன்பு சொன்ன அளவுப் படத்தில் தெரியும். வெளியே பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இறக்கைக்கு நேரே உட்கார்ந்து அலுமினியத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"ஆட்டம் தாங்கல, குமட்டுது"

டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையில் எகிறியிருக்கிறீர்களா? அதே கணக்குதான். விமானத்தின் எடை மையம் இறக்கைப் பக்கம் இருக்கிறது. அங்கே ஆட்டம் குறைவு, வால் பக்கம் அதிகம். இறக்கை மேலே வரிசை போடுங்கள். காட்சி போகும், குமட்டல் குறையும்.

ஆனால் பெரிய ஆட்டத்துக்கு எந்த சீட்டும் மருந்தில்லை. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த விமானம் திடீரென்று தூக்கிப் போட்டதில் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள், விமானத்தை பாங்காக்கில் இறக்கினார்கள். உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட் இடுப்பில் இருக்கட்டும், போர்வைக்கு மேலே மாட்டினால் சரிபார்க்க உங்களை எழுப்பவும் மாட்டார்கள்.

"தலைவலி, தொண்டை காயுது"

இதற்கு சீட்டை மாற்றிப் பயனில்லை, விமானத்தை மாற்றுங்கள். பழைய வகை விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயரம் வரையிலான மலையில் இருப்பது போல, அதாவது ஊட்டிக்கும் மேலே. 787, ஏ350 இரண்டிலும் அது 6,000 அடிக்குள், ஏறக்குறைய குன்னூர். அவற்றின் உடல் பெருமளவு கார்பன் இழைக் கலவை. உலோகம் போலத் துருப்பிடிக்கும் பயம் குறைவு, அதனால் உள்ளே ஈரப்பதத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்க முடிகிறது. ஒரே விலையில் இரண்டு டிக்கெட் இருந்தால் நான் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

"குழந்தை"

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு, தடுப்புச் சுவரில் மாட்டும் தொட்டில் இருக்கும் வரிசை. எடை வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பல இடங்களில் சுமார் 11 கிலோ. டிக்கெட் போட்ட அன்றே போன் செய்து கேளுங்கள், தொட்டில்கள் சிலதான். பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் தூங்குகிற குழந்தையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

குழந்தை அழுகை ஆகாதவர்கள் அந்த வரிசையிலிருந்து தள்ளிப் போங்கள். பணம் கட்டி அங்கேயே உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாவை முறைக்காதீர்கள்.

"குளிருது", "கேட்ட சாப்பாடு தீர்ந்துபோச்சாம்"

முதலாவதற்கு: கதவோரமும் ஜன்னலோரமும் வேண்டாம், நடு வரிசை. இரண்டாவதற்கு: சீட்டை மாற்ற வேண்டாம், ஒரு நாள் முன்னதாகவே சைவச் சாப்பாடு என்று பதிவு செய்யுங்கள். எந்த வரிசையில் இருந்தாலும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும்.

"ரெண்டு பேர்தான், மூணாவது ஆள் வேண்டாம்"

777-இன் வால் பக்கம் உடல் குறுகுவதால் கடைசிச் சில வரிசைகள் பல கம்பெனிகளில் 2-4-2 ஆகிவிடும். ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவே பை வைக்கும் அளவு இடமும் கிடைக்கும். டாய்லெட் பக்கம், ஆட்டம் கூட என்பதைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஏ380-இல் மேல்மாடியில் எகானமி வைத்திருக்கும் கம்பெனி என்றால் அங்கே 2-4-2, ஜன்னலோரம் ஒரு பெட்டியும் உண்டு. இல்லாவிட்டால் பழைய தந்திரம்: மூன்று சீட்டில் ஜன்னலையும் நடைவழியையும் போட்டு நடுவைக் காலியாக விடுவது. விமானம் நிறையாவிட்டால் பலிக்கும். பள்ளி விடுமுறையில் பலிக்காது.

"போட்ட சீட் மாறிடுச்சு, குடும்பமே பிரிஞ்சு உட்கார்ந்திருக்கோம்"

முக்கால்வாசி நேரம் காரணம், விமானத்தையே மாற்றியிருப்பார்கள். மாறினால் கணினி சீட்டுகளைத் தன் இஷ்டத்துக்கு இறைத்துவிடும், செய்தியும் வராது. பயணத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இன்னொரு காரணம்: டிக்கெட் விற்றது ஒரு கம்பெனி, ஓட்டுவது வேறு கம்பெனி. ஓட்டுகிற கம்பெனிக்கு வேறு பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண், இருக்கும். விற்றவர்களிடம் அதைக் கேட்டு வாங்கி, ஓட்டுபவர்களின் தளத்தில் சீட் போட்டால்தான் நிற்கும்.

ஆன்லைன் செக்-இன் 24 அல்லது 48 மணி நேரம் முன்பு திறக்கும். அது திறந்த நிமிடம் உட்காருங்கள், அதுவரை பூட்டி வைத்திருந்த சில நல்ல சீட்டுகள் அப்போது வெளியே வரும். இந்திய கம்பெனிகளில் 12 வயது வரையுள்ள பிள்ளையை, ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. கவுன்டரில் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

"11ஏ கிடைக்குமா?"

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வருகிறது. அந்த 787-8-இல் இருந்த 242 பேரில் தப்பிய ஒரே ஒருவர் 11ஏ-வில், அவசரக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். வேறு விமானத்தில் 11ஏ பிசினஸ் வகுப்பாக இருக்கலாம், கதவே இல்லாத இடமாக இருக்கலாம், அந்த எண்ணே இல்லாமலும் இருக்கலாம். விபத்துக்கு விபத்து தப்பும் இடம் மாறுகிறது. எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்துக் கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், புகை வந்தால் கண் தெரியாது, கைதான் எண்ணும்.

"உட்கார்ந்த பிறகுதான் தெரியுது, இது சரியில்ல"

டிவி, விளக்கு, சாய்வு மூன்றையும் உட்கார்ந்த உடனே அழுத்திப் பாருங்கள். கெட்டிருந்தால் கதவு மூடும் முன்பே பணியாளரிடம் சொல்லுங்கள். காலி சீட் கண்ணில் பட்டாலும் நீங்களாக எழுந்து போகாதீர்கள். கதவு மூடட்டும், பிறகு கேளுங்கள். கிளம்பும் முன்பு ஆட்களை இடம் மாற்றுவது சில நேரம் எடைக் கணக்கைப் பாதிக்கும் என்பதால், மேலே ஏறி பெல்ட் விளக்கு அணையும் வரை பொறுக்கச் சொல்லலாம்.

அம்மாவுக்கு இதற்காக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், தமிழில் கேள்வி, கீழே அதே கேள்வி ஆங்கிலத்தில். போன தடவை அதை எடுத்துப் பணிப்பெண்ணிடம் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் படித்துவிட்டு, "தண்ணி வேணுமாம்மா?" என்றாளாம். திருநெல்வேலிப் பெண்.